கடமான் காதில் விழாத காலடி: ஆஸ்திரேலியக் காட்டில் மான் வேட்டைக்கு எந்த ஷூ?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், துப்பாக்கியைப் பற்றிப் பேசும் அளவுக்குக் காலில் போடும் ஷூவைப் பற்றியும் பேசுவார்கள். எந்த சோல் சத்தம் போடாது, எது வழுக்காது, எது ஈரத்தில் 'கீச் கீச்' என்று கத்தும்... இதெல்லாம் அங்கே சீரியஸான விவாதம்.

ஒரு ஷூவுக்கு இவ்ளோ பேச்சா? கொஞ்சம் விலாவாரியாகப் பார்ப்போம்.

அங்கே தேடுவது நம்ம ஊர் கடமானை!

விக்டோரியாவின் மலைக்காடுகளில் வேட்டைக்காரர்கள் அதிகம் தேடிப் போகும் மான், நமக்கு நன்றாகத் தெரிந்த கடமான். நம்ம தென் மாவட்ட மலையோரங்களில் 'மிளா' என்று சொல்வார்களே, அதேதான். ஆங்கிலத்தில் சாம்பார்.

அது எப்படி அங்கே போனது? வெளிநாட்டு விலங்குகளையும் செடிகளையும் கொண்டுவந்து வளர்ப்பதற்கென்றே 1861-ல் மெல்பர்னில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. காலனி காலத்து ஆசை அது. 1860-களில் தெற்காசியாவிலிருந்து கொண்டுபோன கடமான்கள் அங்கே காட்டில் விடப்பட்டன. புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. நன்றாகப் பெருகிவிட்டன.

விளைவு என்ன தெரியுமா? இங்கே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடமானை வேட்டையாடுவது குற்றம். உலக அளவில் அது 'அழியும் வாய்ப்புள்ள' இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அங்கேயோ, செடிகொடிகளை மேய்ந்து, மரப்பட்டையை உரசித் தேய்த்து, உயர்மலைச் சதுப்புகளை மிதித்துச் சேறாக்குவதால், உள்ளூர்த் தாவரங்களுக்கு ஆபத்தான ஒன்றாக அதே கடமானைச் சட்டப்படி அறிவித்திருக்கிறார்கள். லைசென்ஸ் வாங்கினால், அனுமதிக்கப்பட்ட இடங்களில் வேட்டையாடலாம்.

அங்கே காட்டை 'புஷ்' என்பார்கள். அந்தக் காட்டுக்குள் தனியாகவோ இருவராகவோ நடந்து, மானுக்குத் தெரியாமல் பதுங்கி நெருங்குவதற்கு 'ஸ்டாக்கிங்' என்று பெயர். ஷூ பிரச்னை ஆரம்பிப்பது இங்கேதான்.

நெருங்குவது ஏன் முக்கியம்?

ஆண் கடமான் 200 கிலோவையும் தாண்டி வளரும். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அடர்ந்த புதருக்குள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். காது பெரிசு, மோப்பம் அதைவிடப் பெரிசு. சந்தேகம் வந்துவிட்டால் 'ஹாங்க்' என்று ஒரு குரல் கொடுக்கும். அப்புறம் அந்தப் பள்ளத்தாக்கில் அன்றைக்கு வேலை முடிந்தது.

வேட்டை வெற்றி, தோல்வி மட்டும் இல்லை விஷயம். தூரத்திலிருந்து, இலை இடுக்கு வழியாக, அரைகுறையாகத் தெரியும் மானைச் சுட்டால் குறி தவறும். மான் காயத்தோடு ஓடி, எங்கேயோ விழுந்து மணிக்கணக்கில் துடிக்கும். கிட்டே போய், தெளிவாகப் பார்த்து, ஒரே குண்டில் முடிப்பதுதான் பொறுப்பான வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்ளும் விதி. சுடக்கூடாத ஒன்றைச் சுட்டுவிடாமல் இருக்கவும் அதுதான் வழி. சத்தமில்லாத காலடி அந்த விதிக்கு உதவுகிறது.

மான் காதுக்கு எது அதிகம் கேட்கும்?

நம் காலடியில் இரண்டு விதமான சத்தம் இருக்கிறது. குதிகால் தரையில் மோதும்போது வரும் 'தொம்' ஒன்று. அது தாழ்ந்த ஒலி. இன்னொன்று, சோல் உரசும்போது வரும் 'சர்ர்', சருகு நொறுங்கும் 'கரக்', குச்சி ஒடியும் 'டிக்'. இவை உயர்ந்த ஒலிகள்.

அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களின் செவித்திறனைச் சோதித்தபோது, அவற்றின் காது 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மிக நன்றாகப் பிடிப்பது தெரியவந்தது. மனிதக் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலிகளும் மான்களுக்குக் கேட்கும். அதாவது, நமக்கு லேசாகக் கேட்கும் 'சர்ர்' மானுக்கு அப்படி லேசானது இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் ரொம்ப சிம்பிள். மெத்தென்று இருக்கும் ஷூ, அதாவது குஷன் அதிகமுள்ள ஷூ, 'தொம்' சத்தத்தைக் குறைக்கும். ஆனால் மானைக் கிளப்புவது பெரும்பாலும் 'டிக்', 'கரக்' சத்தங்கள். அவற்றைக் குறைக்க, காலடியில் ஒரு குச்சி இருக்கிறது என்பது முழு எடையையும் வைப்பதற்கு முன்பே உங்கள் பாதத்துக்குத் தெரிய வேண்டும்.

அதனால் நல்ல ஷூ என்பது சத்தத்தை விழுங்கும் ஷூ அல்ல. தரையை உங்கள் பாதத்துக்குச் சொல்லும் ஷூ.

சத்தம் எங்கிருந்தெல்லாம் வருகிறது?

- சோலின் விறைப்பு: வளையாத சோல் பலகை மாதிரி. கீழே உள்ள அத்தனை சருகையும் ஒரே நேரத்தில் அமுக்கும். வளையும் சோலோ கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கும்.
- ரப்பரின் கடினம்: கெட்டி ரப்பர் பாறையில் 'டக் டக்' என்னும். மென்மையான ரப்பர் அடங்கிப் போகும். ஆனால் சீக்கிரம் தேயும்.
- அடிப் பற்கள்: ஆழமான பற்கள் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். அதே பற்கள் குச்சியைக் கவ்வி ஒடிக்கும். நடுவில் மாட்டிய சிறு கல் பாறையில் உரசிக் கிறீச்சிடும்.
- அகலம்: பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும் அகலமான சோல், உங்கள் பாதம் தொடாத குச்சியையும் மிதிக்கும்.
- மேல் துணி: வழவழப்பான நைலான், புல்லிலும் கொடியிலும் உரசும்போது 'ஸ்விஷ்' என்னும். கம்பளி, தோல், மெத்தென்ற துணி ஆகியவை அமைதியானவை.
- சில்லறைச் சமாச்சாரங்கள்: ஆடும் லேஸ் முனை, உலோகக் கொக்கி, ஈரத்தில் கீச்சிடும் உள்ளட்டை. வீட்டில் கவனிக்க மாட்டோம். காலை 6 மணிக் காட்டில் அது தெளிவாகக் கேட்கும்.

என்னென்ன வகை இருக்கு?

1. கனமான தோல் மலையேற்ற பூட். கணுக்காலுக்கு நல்ல பிடிப்பு. செங்குத்துச் சரிவில், முதுகில் இறைச்சி மூட்டையோடு இறங்கும்போது இதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் சோல் விறைப்பானது. காலடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. சத்தம் விஷயத்தில் கடைசி இடம்.

2. இலகுவான ஹைக்கிங் பூட். கணுக்கால் வரை உயரம், ஓரளவு வளையும் சோல். நடுவாந்தரம். முதல்முறை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

3. டிரெயில் ரன்னிங் ஷூ. காட்டுப் பாதையில் ஓடுவதற்கான ஷூ. நன்றாக வளையும், சீக்கிரம் காயும். குஷன் அதிகமான மாடல்களில் தரை தெரியாது. பாம்புக்கும் முள்ளுக்கும் பாதுகாப்பு குறைவு.

4. கேன்வாஸ் ஷூ. ஆஸ்திரேலியாவில் இந்த வகையில் பிரபலமான மாடல்: டன்லப் வாலி. 1939-ல் டென்னிஸுக்காக வந்த மலிவு விலை ஷூ. மீன்முள் வடிவக் கோடுகள் கொண்ட அதன் மெல்லிய ரப்பர் சோல் ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும் என்பதால், காட்டு நடைக்காரர்களும் கூரை வேலை செய்பவர்களும்கூட அதைப் போட ஆரம்பித்தார்கள். மெல்லிசு, வளையும், தரை நன்றாகத் தெரியும். குறை என்னவென்றால் கணுக்காலுக்கு ஆதரவு கிடையாது. குளிரில் கால் விறைத்துவிடும்.

5. கம்பூட். நம்ம ஊரில் மழைக்காலத்தில் போடும் முழங்கால் உயர ரப்பர் பூட்தான். ஓடையைத் தாண்ட வசதி. ஆனால் தளர்ந்த மேல்பகுதி ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்காலில் 'பட் பட்' என்று அடிக்கும். சரிவில் கால் உள்ளேயே வழுக்கும்.

6. மேலுறை. இதுதான் சுவாரஸ்யமானது. மான் இருக்கும் இடத்தை நெருங்கியதும், பூட்டின் மேலேயே ஒரு தடித்த கம்பளி சாக்ஸை மாட்டிக்கொள்வது. கெட்டிப் பற்கள் மூடிவிடும், பாறையில் சத்தம் அடங்கும். இதற்கென்றே விற்கும் மெத்துறைகளும் உண்டு. ஆனால் ஈரச் சரிவில் வழுக்கும். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும்தான் இது.

பூட்டைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு கடைசி சில அடிகளை நகர்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கழற்றிய பூட்டை எங்கே வைத்தோம் என்பது ஞாபகம் இருக்கணும்!

கடையில் எப்படிச் சோதிப்பது?

பிராண்டைப் பார்ப்பதற்கு முன் இந்த ஐந்தையும் செய்து பாருங்கள்.

1. ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் பாதத்துக்கு ஆதரவு இல்லை. எங்குமே மடங்காவிட்டால் அது பலகை.
2. அடிப் பல்லை நகத்தால் அழுத்துங்கள். லேசாக உள்ளே போனால் மென்மையான ரப்பர்.
3. போட்டுக்கொண்டு கடைத் தரையில் மெதுவாக நடங்கள். குதிகாலின் 'டக்', உள்ளட்டையின் 'கீச்' கேட்கிறதா?
4. ஒரு பேனாவைத் தரையில் போட்டு லேசாக மிதித்துப் பாருங்கள். அது இருப்பது பாதத்துக்குத் தெரியணும். தெரியாவிட்டால் காட்டில் குச்சியும் தெரியாது.
5. மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். காட்டில் போடப்போகும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்காத அளவு இடம் வேண்டும்.

வாங்கியதும் நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். புது ஷூ கடிக்கும். காலில் கொப்புளம் வந்தால் நொண்டுவீர்கள். நொண்டி நடப்பவரால் மெதுவாக நடக்க முடியாது. சில வாரம் வீட்டுப் பக்கத்திலேயே போட்டு நடந்து பழகுங்கள்.

ஷூ வாங்கினால் போதுமா?

போதாது. மெத்தென்ற ஷூ போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு லேட்டானவர் மாதிரி நடந்தால் ஒரு பயனும் இல்லை.

பதுங்கி நடப்பவர்கள் குதிகாலை முதலில் குத்துவதில்லை. முன்பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் தொடவைத்து, மெல்ல உள்பக்கமாக உருட்டி, கீழே குச்சி இல்லை என்று தெரிந்த பிறகே எடையை மாற்றுவார்கள். குச்சி தட்டுப்பட்டால் காலை எடுத்துவிடலாம். ஏனென்றால் எடை இன்னும் பின்னங்காலில்தான் இருக்கிறது. இதற்குத்தான் வளையும், மெல்லிய சோல்.

இரண்டாவது விஷயம் தாளம். மனிதன் நடப்பது கடிகாரம் மாதிரி: ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. மேய்கிற விலங்கு அப்படி நடக்காது. இரண்டு அடி வைக்கும், நிற்கும், மறுபடி ஓரடி. அனுபவமுள்ளவர்கள் அந்தத் தாளத்தைப் பழகுவார்கள். சில அடி நடந்து, நின்று, சுற்றிலும் பார்த்து, காது கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி.

மூன்றாவது, நாளைத் தேர்ந்தெடுப்பது. யூகலிப்டஸ் மரங்கள் இலையை மட்டும் உதிர்ப்பதில்லை. பட்டையையும் நீள நீளமாக உரித்துப் போடும். கோடையில் அது அப்பளம் மாதிரி நொறுங்கும். எந்த ஷூவும் அங்கே காப்பாற்றாது. மழை பெய்த மறுநாள் அதே தரை ஈரத் துணி மாதிரி அடங்கியிருக்கும். ஓடைச் சத்தமும் காற்றும்கூட காலடியை மறைக்கும்.

காற்று என்றதும் இன்னொன்று. உங்கள் முதுகுப் பக்கமிருந்து மானை நோக்கிக் காற்று வீசினால், விலை உயர்ந்த ஷூவும் வேஸ்ட். வாசனை உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

மான் மட்டும்தான் காவல் என்றும் நினைக்காதீர்கள். அந்தக் காட்டில் திடீரென்று தடதடவென ஓடும் வாலபியும், எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் லையர் பறவையும் உங்கள் வருகையைக் காடு முழுக்கச் சொல்லிவிடும்.

அமைதியா, பாதுகாப்பா?

உண்மையான குழப்பம் இதுதான். ஷூ மெலிய மெலியச் சத்தம் குறையும். பாதுகாப்பும் சேர்ந்தே குறையும்.

விக்டோரியா மலைக்காட்டில் வோம்பாட் தோண்டிய வளைகள் உண்டு. கால் உள்ளே போனால் கணுக்கால் பிசகும். டைகர் பாம்பு, பழுப்புப் பாம்பு போன்ற கடும் விஷப் பாம்புகள் உண்டு. குளிர்காலத்தில் உயரமான இடங்களில் பனி விழும். ஆழமான பள்ளத்தாக்குகளில் மொபைல் சிக்னல் கிடைக்காது. அங்கே கணுக்கால் உடைந்தால், ஒரு மானைத் தவறவிட்டது பெரிய கவலையாக இருக்காது.

அதனால் பலர் செய்வது ஒரு சமரசம். வளையும் சோல் கொண்ட, கணுக்கால் மூடிய பூட். அதன்மேல் கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கட்டும் கெட்டித் துணி உறை. அது முள்ளைத் தடுக்கும், பாம்புக் கடியின் ஆபத்தையும் ஓரளவு குறைக்கும். கடைசி நெருக்கத்துக்கு மட்டும் பையில் ஒரு ஜோடி கம்பளி மேலுறை. கூடவே, சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசரக் கருவி.

செங்குத்துச் சரிவா? பிடிப்புக்கு முதலிடம் கொடுங்கள். சமதளமான ஓடைக்கரையா? அமைதிக்கு முதலிடம் கொடுக்கலாம். எல்லாக் காட்டுக்கும் ஒரே ஷூ என்று ஒன்று இல்லை.

மண்ணைக் கழுவாமல் போகாதீங்க

ஷூ பற்றிய பேச்சில் பலர் மறப்பது இதை. 'பைட்டோப்தோரா சின்னமோமி' என்று ஒரு நோய்க்கிருமி. செடிகளின் வேரை அழுக வைக்கும். விக்டோரியாவில் பல உள்ளூர்த் தாவரங்களை அது கொன்றிருக்கிறது. மண் வழியாகப் பரவும் அந்தக் கிருமி, ஒட்டிய சேற்றோடு ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பயணம் செய்யும். வண்டி டயரிலும் போகும், பூட்டின் பற்களிலும் போகும்.

காட்டுக்குப் போகும் முன்பும், வெளியே வந்த பின்பும் சோலைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஆழமில்லாத பற்கள் கொண்ட சோலில் மண் குறைவாக ஒட்டும். சத்தத்துக்காகத் தேர்ந்தெடுத்த சோல் இந்த விஷயத்திலும் கைகொடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். மண் ஒட்டிய ஷூவோடு விமான நிலையத்தில் இறங்கினால், உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

இதே ஷூவோடு நம்ம காட்டுக்குப் போகலாமா?

மெல்பர்னில் வேலை பார்க்கும் தமிழர்கள் வேட்டைக்குப் போக நினைத்தால், முதலில் துப்பாக்கி லைசென்ஸ், பிறகு விக்டோரியாவின் வேட்டை லைசென்ஸ். எந்த இடம், எந்தப் பருவம், எந்தத் துப்பாக்கி என்பதற்கெல்லாம் தனி விதிகள் உண்டு. ஷூ அதற்கெல்லாம் அப்புறம்தான்.

தமிழ்நாட்டில் கதையே வேறு. இங்கே வேட்டை கிடையாது. கேமராவோடு பறவை, விலங்கு பார்க்கப் போகிறவர்களுக்கு வளையும் சோல், உரசாத துணி, மெதுவான நடை எல்லாமே உதவும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

விக்டோரியா காட்டில் யானை இல்லை, கரடி இல்லை, காட்டு மாடு இல்லை. அங்கே ஒருவர் சத்தமே இல்லாமல் வளைவைத் திரும்பினால், எதிரே இருக்கும் விலங்குதான் அதிகம் பயப்படும். முதுமலையிலோ, ஆனைமலையிலோ அப்படித் திரும்பினால் பயப்படப்போவது நீங்கள். ஆள் வருவது தெரியாமல் திடீரென்று கிட்டத்தில் பார்த்துவிட்ட கரடியோ, குட்டியோடு நிற்கும் யானையோ தாக்க வாய்ப்பு அதிகம். நாம் வருவது அவற்றுக்கு முன்னாலேயே தெரிந்தால், பெரும்பாலும் அவையே விலகிப் போய்விடும்.

அதனால் இங்கே எவ்வளவு அமைதியாக நடக்கலாம் என்பதை ஷூ முடிவு செய்யக் கூடாது. கூட வரும் வழிகாட்டி முடிவு செய்யணும். வனத்துறை அனுமதித்த பாதையில், வழிகாட்டியோடு மட்டும் போங்கள். அவர் பேசச் சொன்னால் பேசுங்கள், நிற்கச் சொன்னால் நில்லுங்கள்.

சுருக்கமா சொன்னா...

- வளையும், மெல்லிய, மென்மையான ரப்பர் சோல் அமைதியானது. தரை பாதத்துக்குத் தெரியணும்.
- 'தொம்' சத்தத்தைவிட 'டிக்', 'சர்ர்' சத்தங்கள்தான் மானைக் கிளப்பும்.
- சரிவும் பாம்பும் உள்ள இடத்தில் கணுக்கால் மூடிய பூட். கடைசி நெருக்கத்துக்கு மேலுறை.
- மழைக்கு மறுநாள், எதிர்க்காற்று, நின்று நின்று நடக்கும் நடை. இவை இல்லாமல் எந்த ஷூவும் வேலை செய்யாது.
- காட்டுக்குள் நுழையும் முன்பும் வெளியே வந்த பின்பும் சோலைக் கழுவுங்கள்.
- யானை, கரடி உள்ள காட்டில் சத்தமில்லாமல் நடப்பது சாமர்த்தியம் இல்லை, ஆபத்து.

ஷோரூமில் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன், அந்தப் பேனா டெஸ்ட்டை மட்டும் மறக்காமல் செய்து பாருங்கள். ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன் அது பாதி பதிலைச் சொல்லிவிடும்.